கரண்ட் வருவதற்குள்

குணசேகரன் வாத்தியார் அந்த அடாப்டரைக் கையில் எடுத்து வரவில்லை. ஒரு மஞ்சப் பைக்குள் போட்டு, பையின் காதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, செத்த எலியைக் கொண்டுவருவதுபோலக் கொண்டுவந்து அனுராதாவின் மேசைமேல் வைத்தார்.

"இது ஷாக் அடிக்குதும்மா."

அனுராதா முதலில் சிரித்தாள். "லேசா சுர்ருனு இருக்கும் சார். எர்த் கம்பி இல்லாத எல்லா சார்ஜர்லயும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். ஒண்ணும் செய்யாது."

"சுர்ருனு இல்லம்மா. கம்ப்யூட்டர் பொட்டியத் தொட்டேன், கைய ஓங்கி அடிச்சு தள்ளிடுச்சு. காலுல ரப்பர் செருப்பு இருந்துது, பொழச்சேன்."

அவர் வலது கையை இன்னும் இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். அனுராதாவின் சிரிப்பு நின்றது.

அனுராதாவுக்கு நாற்பதை ஒட்டிய வயது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். கே.ஜி.கண்டிகையில் கரும்பும் வேர்க்கடலையும் போடும் அத்தை மகன் கஜபதிக்கு வாழ்க்கைப்பட்ட பிறகும் கையில் சால்டரிங் கம்பியை விடவில்லை. திருத்தணி மார்க்கெட் பக்கம் ஒரு சின்னக் கடையில் மிக்சி, ரிமோட், ஸ்டெபிலைசர் என்று வந்ததையெல்லாம் சரிசெய்வாள். ஆனால் அவள் மனசு கிடந்தது வேறு இடத்தில். உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை. அதில் ஒரு முழுக் கம்ப்யூட்டர். வீட்டில் தூங்கும் பழைய டி.வி.யோடு இணைத்து, கீபோர்டு, மவுஸ் செருகினால் வேலை செய்யும். பெரிய கம்ப்யூட்டர் வாங்க முடியாதவர்களுக்கு அதைச் சேர்த்துக் கொடுப்பது அவளுக்குத் தொழிலுக்கு மேல் ஓர் ஆசை. வாத்தியார் தன் மொட்டை மாடியில் மழையும் காற்றும் அளக்க ஒன்று வாங்கியிருந்தார்.

அந்தப் பலகைக்குச் சோறு போடுவதுதான் பெரிய பாடு. ஐந்து வோல்ட் தரவேண்டும். வேலை அதிகமாகும்போதும் அந்த ஐந்து இறங்கக் கூடாது. இறங்கினால் திரையின் மூலையில் சின்ன மின்னல் குறி வரும், பிறகு தானாக அணைந்து எழும். பலகை செய்பவர்களே விற்கும் அடாப்டர் நல்லதுதான், ஆனால் விலை வாங்குபவரின் முகத்தை மாற்றிவிடும். போன தடவை சென்னைக்குப் போனபோது ஒரு மொத்தக் கடையில் மலிவாக ஒரு வகை கிடைத்தது. மூன்று வாங்கிவந்து மீட்டர் வைத்துப் பார்த்தாள். முழு பாரம் ஏற்றியும் வோல்ட் அசையவில்லை. அவளுக்கு ஒரே சந்தோஷம். ஒன்று வாத்தியாருக்குப் போனது. ஒன்று கடையில் பெட்டி பிரிக்காமல் இருந்தது. இன்னொன்று பொதட்டூர்பேட்டையில் இருந்தது.

அவள் அடாப்டரைக் கிடுக்கியில் வைத்து இறுக்கினாள். பிளாஸ்டிக் ஓடு படக்கென்று இரண்டாகப் பிளந்தது.

உள்ளே இருந்ததை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். இப்படிப்பட்ட பலகையில் ஒரு பக்கம் வீட்டுக் கரண்ட் ஓடும். மறுபக்கம் தொட்டால் ஒன்றும் செய்யாத ஐந்து வோல்ட். இரண்டுக்கும் நடுவே, இரண்டு வயலுக்கு நடுவே வரப்பு விடுவதுபோல, அகலமாக இடம் விட்டிருக்க வேண்டும். இதில் வரப்பே இல்லை. ஒரு பக்கத்து ஈயம் மறுபக்கத்து ஈயத்தை முத்தமிடப் போவதுபோல நின்றிருந்தது. இரண்டையும் சேர்க்கும் கெபாசிட்டரும், கெட்டாலும் ஆளைக் காப்பாற்றும் வகையில்லை. ரேடியோவில் போடும் சாதாரணச் சரக்கு. நடுவில் கறுப்பாக ஒரு கோடு தீய்ந்து கிடந்தது. கரண்ட் அந்தப் பக்கம் தாண்டி வந்த தடம்.

வெளியே வருவதை அவள் அளந்திருந்தாள். உள்ளே இருப்பதைப் பார்க்கவே இல்லை.

"இன்னாம்மா, மூஞ்சி வெளுத்துப்போச்சு?" என்றார் வாத்தியார்.

"சார், இதே மாதிரி ஒண்ணு பொதட்டூர்பேட்டையில தறி வூட்ல கீது."

பொதட்டூர்பேட்டையில் துரைக்கண்ணு என்ற நெசவாளி வீடு. வீட்டுக்குள்ளேயே விசைத்தறி. அவர் மகள் சுதா படித்துவிட்டு வீட்டில் இருந்தாள். லுங்கிக்குக் கட்டம் போடும் கணக்கைக் கம்ப்யூட்டரில் வரைந்து பார்க்க வேண்டும் என்று அவள்தான் அப்பாவை நச்சரித்து இதை வாங்க வைத்தாள். தறி வீட்டில் பஞ்சு பறக்கும், சூடாகும் என்று அனுராதாவே யோசித்து, அந்தப் பலகையை அலுமினியப் பெட்டிக்குள் போட்டுக் கொடுத்திருந்தாள். முழுக்க இரும்பு போலக் கரண்ட் கடத்தும் பெட்டி. அந்த வீட்டில் யாரும் செருப்புப் போட்டு அவள் பார்த்ததில்லை.

துரைக்கண்ணுவுக்குப் போன் அடித்தாள். ஸ்விட்ச் ஆப். சுதாவுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. வாட்ஸ்அப்பில் குரலிலேயே சொன்னாள்: "சுதா, அந்த அடாப்டரத் தொடாத. பொட்டியையும் தொடாத. பிளக்கு பக்கமே போவாத." ஒற்றை டிக் விழுந்தது. இரண்டாவது வரவில்லை.

அப்போதுதான் வாத்தியார் சொன்னார்: "இன்னிக்கு அங்க பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தறாங்க. பேப்பர்ல போட்டிருந்தான். காலைல இருந்தே இருக்காது. அதான் டவரும் இல்ல போல."

அனுராதா எழுந்தாள். கரண்ட் இல்லாதவரை அந்த வீடு பத்திரம். சாயங்காலம் விடுவான். வேலை சீக்கிரம் முடிந்தால் முன்னமே விட்டுவிடுவான். அதற்குள் போய்ச் சேரவேண்டும்.

அன்று கிருத்திகை. கடையை இழுத்துச் சாத்திவிட்டு வெளியே வந்தபோது தெருவே தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. மஞ்சள் துணி, மொட்டைத் தலைகளில் சந்தனம், காவடி, பம்பைச் சத்தம். மலைக்குப் போகும் வேன்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. பொதட்டூர்பேட்டை பஸ் கிளம்பத் தயாராக இருந்தது, ஏறி உட்கார்ந்தாள். ஆனால் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிய உடனே நின்றது நின்றதுதான். டிரைவர் இன்ஜினை அணைத்தார். ஆந்திராப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கூட்டம் தெலுங்கில் பாடிக்கொண்டே பஸ்ஸின் முன்னால் ஆடிக் கடந்தது. "அரோகரா" என்று யாரோ கத்த, பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் கைகூப்பினார்கள். அனுராதாவும் கூப்பினாள். முருகா, கரண்ட விடாத.

கண்டக்டரிடம், "எப்பங்க எடுப்பீங்க?" என்றாள்.

"என்னைய கேட்டா? மேல கீறவரைக் கேளுங்க," என்று அவர் மலையைக் காட்டினார்.

அவள் கஜபதிக்குப் போன் செய்தாள். அவன் கண்டிகையில் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான்.

"பாவா, வண்டி எடுத்துகினு வா. ஊருக்கு வெளியே பொதட்டூர்பேட்டை ரோட்ல நிக்கறேன். ஏன்னு கேக்காத, வா."

பஸ்ஸை விட்டு இறங்கி, கூட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக முண்டியடித்து நடந்தாள். தோள்பையில் வாத்தியாரின் பிளந்த அடாப்டரும், மீட்டரும், ஸ்க்ரூடிரைவரும், ஹோல்டரில் மாட்டிய ஒரு குண்டு பல்பும் இருந்தன. கூட்டம் குறைந்த இடத்தில் ஓடவே செய்தாள். புடவை காலைத் தடுக்கியது.

கஜபதி முழங்கால்வரை சேறோடு வந்தான். விஷயத்தைக் கேட்டதும் வண்டியை முறுக்கினான், வாயையும் திறந்தான்.

"நான் அப்பவே சொன்னேன். மிக்சி ரிப்பேர் பண்ணா போதாதா? எவன் வூட்லயோ ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான்தான் பதில் சொல்லணும். அதுக்குத்தான் போறோம். வேகமா போ."

"இதுக்கு மேல போனா நம்மள யாராவது தூக்கினு போவணும்."

வழியெல்லாம் அவள் கம்பங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு டிரான்ஸ்பார்மரின் அடியில் ஏணி சாய்த்திருந்தது. மேலே ஆள் இருந்தார். அதைக் கண்டதும் அவளுக்கு உயிர் வந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போனபிறகு மின்வாரியத்து வண்டி ஒன்று எதிரே வந்தது. ஏணியைக் கட்டிவைத்து, ஆட்கள் பின்னால் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே வந்தார்கள். வேலை முடித்தவர்களின் முகம்.

"பாவா."

"பாத்தேன்," என்றான் கஜபதி. வண்டியை இன்னும் முறுக்கினான்.

பொதட்டூர்பேட்டைக்குள் நுழைந்தபோது ஊர் அமைதியாக இருந்தது. எப்போதும் தெருவே அதிரும் ஊர் அது. தறி நின்றால் காது அடைத்த மாதிரி இருக்கும். ஆண்கள் வாசலில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் இதுதான் சமயமென்று வீட்டைக் கழுவித் தண்ணீரைத் தெருவில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அனுராதா மூச்சை விட்டாள். வந்து சேர்ந்தாயிற்று.

துரைக்கண்ணுவின் தெருமுனையில் வண்டி திரும்பும்போது, தெருவின் அந்தக் கோடியில் ஒரு தறி தடதடவென்று எழுந்தது. அடுத்து இன்னொன்று. பிறகு வீடு வீடாக அந்தச் சத்தம் அவர்களை நோக்கி வந்தது.

வண்டி நிற்பதற்குள் அவள் குதித்தாள்.

வீட்டின் முன்னறை முழுக்க ஈரம். துரைக்கண்ணுவின் மனைவி மணியம்மை துடைப்பத்தோடு குனிந்து தண்ணீர் தள்ளிக்கொண்டிருந்தாள். உள்ளே தறி ஓட ஆரம்பித்திருந்தது. டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால், ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, ஒரு கையில் துணியோடு சுதா எட்டி எதையோ துடைக்கப் போனாள். அலுமினியப் பெட்டிமேல் பஞ்சு படிந்திருந்தது.

"தொடாத!"

தறிச் சத்தத்தில் அனுராதாவின் குரல் எடுபடவில்லை. சுதாவின் கை நீண்டது. ஓடிப்போய் அவளை இழுக்கலாம். ஆனால் அதற்குள் அவள் தொட்டிருந்தால், இழுப்பவளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மெயின் சுவிட்ச் கதவுக்கு மேலே மீட்டருக்குப் பக்கத்தில் இருந்தது அனுராதாவுக்கு நினைவு வந்தது. எட்டி, பிடியைக் கீழே இழுத்தாள்.

டக்கென்று எல்லாம் நின்றது. தறி பாதியில் முனகி ஓய்ந்தது.

"எவன்டா மெயின எறக்கினது?" துரைக்கண்ணு உள்ளேயிருந்து வந்தார். "தறியில பாவு நூலு அறுந்துபோச்சு! இன்னாம்மா நீயா? அறிவு கீதா உனுக்கு?"

சுதா துணியும் கையுமாகத் திகைத்து நின்றாள். அவள் விரல் பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. அனுராதா போய் அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். துரைக்கண்ணு கேட்டுவிட்டு, "இத்தினி நாளா ஓடிகினுதானே இருந்துது? எங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?" என்றார்.

"பாத்துடலாங்க."

எல்லாரையும் காய்ந்த பலகைமேல் ஏறி நிற்கச் சொன்னாள். மெயினைப் போட்டு, அடாப்டரைத் திரும்பச் செருகினாள். குண்டு பல்பின் ஒரு ஒயரைத் தறி மோட்டாரின் எர்த் கம்பியிலும் இன்னொன்றைப் பெட்டியிலும் வைத்தாள். பெட்டியில் கரண்ட் தாண்டியிருந்தால் பல்பு எரியவேண்டும்.

எரியவில்லை.

அடாப்டரை அசைத்துப் பார்த்தாள். ஒயரை மாற்றி வைத்தாள். பல்பு கறுப்பாகவே இருந்தது. அடுத்த வீட்டுத் தறிதான் ஓடிக்கொண்டிருந்தது.

"இதுக்குத்தான் என் பாவ அறுத்தியா?" என்றார் துரைக்கண்ணு, மெதுவாக. அது கத்தியதைவிட மோசமாக இருந்தது. கஜபதி வாசல்படியில் நின்று தலையைக் குனிந்துகொண்டான்.

அனுராதா அடாப்டரைப் பிடுங்கி, தரையில் உட்கார்ந்து, ஸ்க்ரூடிரைவரை ஓட்டின் இடுக்கில் கொடுத்து நெம்பினாள். அது திறந்தது. அதே இல்லாத வரப்பு. ஓட்டின் துவாரத்தின் வழியே போன பஞ்சு இரண்டு பக்கத்துக்கும் நடுவே மெல்லிசாகப் படிந்து, ஈரத்தில் நமத்திருந்தது. அதன் அடியில் ஒரு பழுப்புக் கோடு கிளம்பிப் பாதிதூரம் வந்து நின்றிருந்தது.

வாத்தியாருடையதைப் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். "இதுல முழுசா தாண்டிடுச்சு. உங்களுதுல இன்னும் தாண்டல. நாளைக்குத் தாண்டுமா, அடுத்த மழைக்குத் தாண்டுமா, எனக்குத் தெரியாதுங்க."

துரைக்கண்ணு இரண்டையும் கையில் வாங்கி வாசல் வெளிச்சத்தில் பார்த்தார். நூல் அறுந்த இடத்தைத் தேடிப் பழகிய கண். கோட்டைக் கண்டுபிடிக்க அவருக்கு நேரம் ஆகவில்லை. மணியம்மை மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப நீ எங்களைக் காப்பாத்துனேன்னு நெனச்சிகினு இருக்கியா," என்று கேட்டார், "இல்ல நீயே வுட்ட பாம்ப நீயே புடிச்சிகினு போறியா?"

"ரெண்டாவதுதாங்க."

அவர் இரண்டு அடாப்டரையும் அவளிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "எல்லாத்தியும் எடுத்துகினு போ. இனிமே இந்த வூட்ல இது வேணாம்," என்றார்.

"நைனா, என் கட்டமெல்லாம் அதுலதான் கீது," என்றாள் சுதா.

"வேணாம்னா வேணாம்."

அனுராதா பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டாள். திரும்பும் வழியில் கஜபதி ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி, இரண்டு டீ வாங்கி, ஒன்றை அவள் கையில் கொடுத்தான். "குடி," என்றான். அவ்வளவுதான்.

மறுநாள் அவள் மொத்தக் கடைக்குப் போன் செய்தாள். "மேடம், எவ்ளோ பேர் வாங்கிகினு போறாங்க, யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ணல," என்றது அங்கிருந்த குரல். படம் அனுப்பினாள். பார்த்ததற்கான நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. கடையில் மிச்சமிருந்த ஒன்றை ஒயரை வெட்டி உடைத்துப் போட்டாள். மார்க்கெட்டில் மற்ற மொபைல் கடைக்காரர்களுக்கும் பிளந்த அடாப்டரைக் காட்டினாள். ஒருவர் தன் கடைச் சரக்கைத் தானே எடுத்து உடைத்துப் பார்த்தார். இன்னொருவர், "வியாபாரத்தக் கெடுக்காதக்கா," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு அவள் வேறு மாதிரி தேடினாள். விலை குறைந்ததும் வேண்டும், ஆளைக் கொல்லாததும் வேண்டும். பேர் தெரிந்த கம்பெனியின் சாதாரண போன் சார்ஜர்களே பல இடத்தில் போதும் என்று கண்டுகொண்டாள். ஆனால் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாட் கணக்கை நம்பக் கூடாது. அது பெரும்பாலும் ஒன்பது வோல்ட்டுக்கோ அதற்கு மேலோ சொன்ன கணக்கு. ஐந்து வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். அதுதான் இந்தப் பலகைக்கு வேண்டியது. தர முத்திரைக்குக் கீழே உள்ள பதிவு எண்ணைப் போனில் போட்டுப் பார்த்தாள். சில எண்கள் வேறு யாருடைய பெயரையோ காட்டின, அவற்றை அப்படியே திருப்பிக் கொடுத்தாள். ஒவ்வொரு வகையிலும் ஒன்றை உடைத்து உள்ளே வரப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். ஒயர் நீளமாக, மெல்லிசாக இருந்தால் நல்ல சார்ஜரும் தோற்றுப்போகும் என்பதால் குட்டையான தடித்த ஒயராக எடுத்தாள். கடையில் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, தொட்டுச் சூடு பார்த்தாள். வாத்தியாருக்கு அப்படி ஒன்று மாற்றிக் கொடுத்தாள். அவர் செருப்பைக் கழற்றாமலே வாங்கிக்கொண்டார்.

துரைக்கண்ணு வீட்டிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் சுதா போன் செய்தாள்.

"அக்கா, நைனா வரச் சொல்றாரு. பொட்டியோட."

"ஒத்துக்கிட்டாரா?"

"தெரியல. வரச் சொன்னாரு, அவ்ளோதான்."

அனுராதா போனபோது மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பெட்டி பொருத்தியிருந்தது. கரண்ட் கசிந்தால் தானாகவே கட்டாகும் பிரேக்கர். துரைக்கண்ணுவே எலெக்ட்ரீஷியனை வரவழைத்துப் போட்டிருந்தார். பக்கத்து வீட்டிலும் போட்டுக்கொண்டார்களாம். அவர் டி.வி. ஸ்டாண்டைக் காட்டினார். "மாட்டு," என்றார்.

அவள் புது சார்ஜரைச் செருகினாள். டி.வி.யில் படம் வந்தது. மூலையில் மின்னல் குறி இல்லை. பல்பை எடுக்கப் பையில் கை விட்டாள்.

"அதெல்லாம் வேணாம்," என்றார் துரைக்கண்ணு. "செருப்பு கழட்டிட்டு வந்தியா?"

"ஆங்."

மணியம்மை மூலையில் இருந்த சொம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீரைத் தரையில் ஊற்றினாள். அவர்கள் இருவரும் முன்னமே பேசி வைத்திருந்தார்கள் என்று அனுராதாவுக்குப் புரிந்தது.

"இப்ப நீ தொடு," என்றார் அவர்.

பிரேக்கர் இருக்கிறது. சார்ஜரை அவளே பிரித்துப் பார்த்த வகை. ஒன்றும் ஆகாது என்று அறிவுக்குத் தெரியும். ஆனால் வாத்தியார் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது கண்ணில் வந்தது. உள்ளங்கை வேர்த்தது. அதைப் புடவையில் துடைக்கப் போனவள், துடைக்காமலே நிறுத்தினாள். ஈரத்தில் இரண்டு காலையும் ஊன்றி, வேர்த்த கையை விரித்து அலுமினியப் பெட்டியின்மேல் முழுசாக வைத்தாள்.

பெட்டி லேசாகச் சூடாக இருந்தது. வேறொன்றும் இல்லை. அவள் கையை எடுக்கவில்லை.

துரைக்கண்ணு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கிட்டே வந்து, தன் கையையும் பெட்டிமேல் ஓரமாக வைத்தார். வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார்.

"சரி," என்றார். "சுதா, அந்த செகப்புக் கட்டம் ஒண்ணு வரைஞ்சிருக்கேன்னியே, எட்த்துக் காட்டு."

சுதா கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தாள். துரைக்கண்ணு தறியைப் போடப் போகாமல், மகளின் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். மணியம்மை தரையைத் துடைக்க ஒரு துணி எடுத்துவந்தாள்.